உஷார்! ‘மிக இளைய வயதில் சாதனை’ என்று பிள்ளைகளை மலைக்கு அழைக்கிறார்கள்

முழு ஆண்டுத் தேர்வு முடிவதற்குள் பள்ளி வாட்ஸ்அப் குழுக்களில் போஸ்டர் வந்து விழுந்துவிடும். பனி மூடிய மலை, கையில் தேசியக் கொடி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, ஏழெட்டு வயதுப் பிள்ளை ஒன்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறது. ‘எவரெஸ்ட் பேஸ் கேம்ப் தொட்ட மிக இளைய...’ என்று தலைப்பு. கீழே போன் நம்பர், முன்பணம் எவ்வளவு என்ற விவரம், ‘சான்றிதழும் மெடலும் உண்டு’ என்ற வாக்குறுதி. பார்த்தவுடன் மனசுக்குள் கணக்கு ஓடும். நம்ம பிள்ளையும் சுட்டிதானே, நாலு மாடி ஓடி ஏறினாலும் மூச்சு வாங்குவதில்லையே, ஒரு தடவை அனுப்பிப் பார்த்தால் என்ன?

பெற்றோரே, உஷார்!

அந்தப் போஸ்டரில் இருக்கும் பிள்ளை பத்திரமாகத் திரும்பி வந்த பிள்ளை. அதனால்தான் போஸ்டரில் இருக்கிறது. அதை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. பிள்ளைக்குத் தெம்பு போதுமா என்று நீங்கள் யோசிக்கிறீர்கள். மலையில் பெரும்பாலும் உயிரைக் காப்பாற்றுவது, ‘போதும், திரும்பிவிடலாம்’ என்று நேரத்தோடு எடுக்கிற முடிவு. வளர்ந்த ஆள் அந்த முடிவைத் தானே எடுக்கிறார்; பிசகினால் அனுபவிப்பதும் அவரே. பிள்ளை விஷயத்தில் அந்த முடிவு இன்னொருவர் கையில் இருக்கிறது. அந்த இன்னொருவருக்கு உச்சிக்குப் போயே தீர வேண்டிய காரணங்கள் வேறு இருக்கும். வாங்கிய கட்டணம், பெயர், சாதனை, சில வேளை வெறும் வைராக்கியம். ஆபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. நான் சொல்ல வருவதும் இந்த ஒன்றைத்தான்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மவுண்ட் ஹூட் என்றொரு மலை இருக்கிறது. உயரம் சுமார் 3,430 மீட்டர். எவரெஸ்ட்டில் பாதிகூட இல்லை. போர்ட்லாண்ட் நகரத்துக்காரர்களுக்கு அது சனி ஞாயிறு மலை. பாதி உயரம் வரை தார் ரோடு, அங்கே ஒரு பெரிய விடுதி, பனிச்சறுக்கு விளையாட்டு. 1986ஆம் ஆண்டு மே 12, திங்கள்கிழமை விடிவதற்கு முன் அந்த விடுதியிலிருந்து ஒரு பள்ளிக் குழு புறப்பட்டது. ஓரிகன் எபிஸ்கோபல் பள்ளி. மாணவர்கள் பெரும்பாலும் பதினைந்து, பதினாறு வயதுக்காரர்கள். மலையேற்றம் பள்ளியின் வெளிப்புறப் பயிற்சித் திட்டத்தில் ஒரு பகுதி. தலைமை தாங்கியவர் பாதிரியார், ஆசிரியர், அந்த மலையைப் பல முறை ஏறியவர். சட்டப்படி வேண்டிய எல்லாமே இருந்தது என்று தோன்றுகிறதல்லவா?

புயல் வரும் என்ற முன்னறிவிப்பும் இருந்தது.

உடம்புக்கு முடியாமல் சிலர் தொடக்கத்திலேயே திரும்பிவிட்டார்கள். பதின்மூன்று பேர் மேலே போனார்கள். நண்பகல் தாண்டியும் ஏற்றம் நிற்கவில்லை. பிற்பகலில், உச்சிக்குச் சற்றுக் கீழே, வானிலை முற்றிலும் கெட்ட பிறகுதான் திரும்பினார்கள். இறங்கும் வழியில் ஒரு மாணவனுக்குக் குளிர் உடம்புக்குள் இறங்கி நடை தள்ளாடியது. அவனைப் படுக்கைப் பைக்குள் வைத்துச் சூடேற்றப் பார்த்தார்கள். நேரம் போயிற்று. காற்று ஏறியது, எதிரில் நிற்பவர் முகம் தெரியாத வெண்மூட்டம் கவிந்தது, திசை தப்பியது. கடைசியில் பனியைத் தோண்டி ஒரு குகை வெட்டி ஒடுங்கினார்கள். பதின்மூன்று பேருக்கு அது போதவில்லை. மறுநாள் காலை, குழுவோடு போயிருந்த கைடும் ஒரு மாணவியும் புயலுக்குள் இறங்கிப் போய் உதவி கேட்டார்கள். புதன்கிழமை, குகைக்கு வெளியே மூன்று மாணவர்கள் கிடைத்தார்கள். மூவரையும் காப்பாற்ற முடியவில்லை. வியாழக்கிழமைதான் பனிக்கு அடியில் புதைந்து கிடந்த குகையைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே இருந்த எட்டுப் பேரில் பிழைத்தது இருவர். அந்த இருவரில் ஒரு பையனின் இரண்டு கால்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. மொத்தம் ஒன்பது சாவு. ஏழு பேர் மாணவர்கள்.

இந்தக் கதையில் வில்லன் யாரும் இல்லை. பாதிரியாரும் பிள்ளைகளோடுதான் செத்தார். ஆனால் நண்பகலில் அந்தச் சரிவில் நின்ற பதினைந்து வயதுப் பிள்ளையின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். வானம் கறுக்கிறது, விரல் மரத்துப்போகிறது. முன்னால் வாத்தியார் ஏறிக்கொண்டே இருக்கிறார். பக்கத்தில் வகுப்புத் தோழர்கள். அந்த இடத்தில் ‘சார், எனக்குப் பயமாக இருக்கிறது, நான் இறங்குகிறேன்’ என்று எந்தப் பிள்ளை சொல்லும்? நம் வீட்டுப் பிள்ளைகளை நாம் எப்படி வளர்த்திருக்கிறோம்? பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்றுதானே. வகுப்பறையில் நல்ல பெயர் வாங்கித் தரும் அதே குணம் பனிச்சரிவில் பிள்ளையைச் சாகடிக்கும்.

ஸ்காட்லாந்தில் இதற்கு முன்பே, 1971 நவம்பரில், கெய்ர்ன்கார்ம் மேட்டு நிலத்தில் எடின்பர்க் பள்ளி மாணவர்கள் ஐந்து பேரும் பதினெட்டு வயதுப் பயிற்சியாளர் ஒருவரும் பனிப்புயலில் சிக்கி இறந்தார்கள். அந்த மேடு சுமார் 1,200 மீட்டர் உயரம், நம் ஊட்டியைவிடத் தாழ்வு. அதற்குப் பிறகுதான் பிரிட்டனில், பள்ளிப் பிள்ளைகளை மலைக்கு அழைத்துப் போகிறவருக்கு என்ன தகுதி வேண்டும் என்ற கேள்வியைக் கெடுபிடியாகக் கேட்கத் தொடங்கினார்கள்.

இனி உயரத்துக்கு வருவோம். போஸ்டர்களில் அதிகம் அடிபடுவது எவரெஸ்ட் பேஸ் கேம்ப். உயரம் 5,364 மீட்டர். அங்கே நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதிதான். உச்சியில், 8,849 மீட்டரில், மூன்றில் ஒரு பங்கு. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அதாவது, உயரத்தால் வரும் உடல்கோளாறு உண்மையில் தலைகாட்டத் தொடங்கும் இடத்தில் நம் மாநிலத்து மலைகள் முடிந்துவிடுகின்றன. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் ஏறிப் பழக்கியது காலுக்குத்தான். உயரத்துக்கு உடம்பு பழகவே இல்லை. ஓட்டப்பந்தயத்தில் மெடல் வாங்கிய பிள்ளைக்கும் உயர்மலை நோய் வரும். இன்னும் சொன்னால் அந்தப் பிள்ளை வேகமாக ஏறிவிடும், அதனாலேயே வரும்.

உயர்மலை நோய் என்பது தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைச்சுற்றல், தூக்கமின்மை என்று தொடங்கும். அங்கேயே நின்றுவிட்டால் பெரும்பாலும் சரியாகும். அதைப் பொருட்படுத்தாமல் ஏறினால் மூளையில் நீர் கோத்து நடை தள்ளாடும், புத்தி பேதலிக்கும்; அல்லது நுரையீரலில் நீர் கோத்து உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டும், இருமலில் இளஞ்சிவப்பு நுரை வரும். இரண்டுமே சில மணி நேரத்தில் ஆளை முடித்துவிடக்கூடியவை. மருந்தும் ஆக்சிஜன் சிலிண்டரும் நேரம் வாங்கித் தரும். உண்மையான வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: கீழே இறங்குவது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு இந்த நோய் அதிகம் வரும் என்று மருத்துவம் சொல்லவில்லை. கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆனால் பெரியவர் ‘தலை வெடிக்கிறது’ என்பார். ஐந்து வயதுக் குழந்தை சிணுங்கும், சாப்பிட மாட்டேன் என்னும், விளையாடாமல் சுருண்டு படுக்கும், ராத்திரி தூங்காமல் படுத்தும். நீண்ட பயணம் போன எந்தக் குழந்தை இதைச் செய்யாது? அதனால்தான் பேசத் தெரியாத சின்னக் குழந்தைகளுக்கு என்று மருத்துவர்கள் தனி மதிப்பெண் முறையே வைத்திருக்கிறார்கள்: எவ்வளவு சிணுங்கல், எவ்வளவு சாப்பாடு, எவ்வளவு விளையாட்டு, எவ்வளவு தூக்கம். மலைமருத்துவ வல்லுநர்கள் 2001இல் கூடிப் பேசி வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரம் இது: உயரத்தில் ஒரு குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால், வேறு காரணம் உறுதியாகும்வரை அது உயர்மலை நோய் என்றே எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.

இப்போது மறுபடியும் அந்தப் போஸ்டருக்கு வாருங்கள். சாதனைக்கு இன்னும் இரண்டு நாள் தூரம். கட்டிய பணம் லட்சங்களில். ஊரில் பிளெக்ஸ் பேனருக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. குழந்தை சிணுங்குகிறது. ‘களைப்புதான், காலையில் சரியாகிவிடும்’ என்று சொல்ல எத்தனை பேருக்கு ஆசையாக இருக்கும்!

குளிர் விஷயமும் இருக்கிறது. சின்ன உடம்பு சூட்டைச் சீக்கிரம் இழக்கும். எடையோடு ஒப்பிட்டால் குழந்தைக்குத் தோல்பரப்பு அதிகம், சேமிப்பில் உள்ள சக்தியோ குறைவு. தூக்கிக்கொண்டு போகும் குழந்தைக்கு இன்னும் மோசம். சுமப்பவருக்கு வியர்க்கும், அவர் முதுகில் அசையாமல் தொங்கும் குழந்தைக்கு விறைக்கும். விரல்களில் பனிக்கடி பட்டால் பெரியவருக்குப் புண்ணாகி ஆறலாம். வளரும் பிள்ளைக்கு எலும்பு நீளும் இடமே சேதமாகி, அந்த விரல் பிறகு வளராமல் குட்டையாகவோ கோணலாகவோ நின்றுவிடலாம். சளி பிடித்திருந்தால் நுரையீரலில் நீர் கோக்கும் ஆபத்து கூடும். பிறவியிலேயே இதயத்தில் சின்ன ஓட்டை இருந்து, சமவெளியில் அது வெளியே தெரியாமலே வளர்ந்த பிள்ளைக்கும் அப்படித்தான்.

எட்டாயிரம் மீட்டரில் வளரும் மூளைக்கு என்ன ஆகிறது என்று சோதிக்க, பத்துப் பிள்ளைகளை அங்கே அனுப்ப வேண்டும் என்று ஒரு டாக்டர் விண்ணப்பம் போட்டால், உலகத்தில் எந்த மருத்துவ நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொள்ளாது. ஆராய்ச்சி என்றால் கூடாது. சாதனை என்றால் மாலை!

எவரெஸ்ட்டில் பிள்ளைகள் ஏறிய கதைக்கு வருகிறேன். நேபாளத்துச் சிறுவன் தெம்பா ஷெரி 2000ஆம் ஆண்டு முதன்முறை முயன்றபோது உச்சியை நெருங்கித் திரும்பினான். பனிக்கடியில் ஐந்து விரல்கள் போயின. காலணிக் கயிற்றைக் கட்டக் கையுறையைக் கழற்றியதுதான் வினை. அடுத்த ஆண்டு, 16 வயதில், மறுபடி போய் உச்சியைத் தொட்டான். உலகம் இரண்டாவது ஆண்டை நினைவில் வைத்துக்கொண்டது. விரல்கள் போன ஆண்டு பலருக்குத் தெரியாது.

நேபாளத்தில் 16 வயது நிரம்பாதவருக்கு எவரெஸ்ட் ஏற அனுமதி கிடையாது. அதனால் என்ன? மலைக்கு இரண்டு பக்கம் இருக்கிறதே. 2010 மே 22 அன்று அமெரிக்கச் சிறுவன் ஜோர்டன் ரொமேரோ, 13 வயதில், திபெத் பக்கமாக ஏறினான். உடன் அப்பாவும் இருந்தார். பெரிய சர்ச்சையாயிற்று, சீனப் பக்கமும் வயது வரம்பை இறுக்கப் போவதாகச் செய்தி வந்தது. 2014 மே 25 அன்று நம் நாட்டுச் சிறுமி மாலாவத் பூர்ணா, 13 வயது 11 மாதத்தில், அதே வடக்குப் பக்கமாக உச்சிக்குப் போனாள். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் தெற்குப் பக்கக் கும்பு பனியருவியில் பனிப்பாறை சரிந்து நேபாளத் தொழிலாளர்கள் 16 பேர் மாண்டிருந்தார்கள்.

பூர்ணாவின் சாதனையைக் குறைத்துப் பேச மாட்டேன். நிஜாமாபாத் மாவட்டத்துப் பாகாலா கிராமம், விவசாயக் கூலிப் பெற்றோர், பழங்குடிக் குடும்பம், அரசின் சமூக நல உறைவிடப் பள்ளி. போங்கீர் பாறையில் தொடங்கி டார்ஜிலிங், லடாக் என்று மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்து, பல மாணவர்களில் இருந்து வடிகட்டி அனுப்பினார்கள். அவளுடைய வெற்றி எத்தனையோ வீடுகளில் விளக்கேற்றியது உண்மை. 2022இல் ஏழு கண்டங்களின் உச்சிகளையும் தொட்டு முடித்தார். இன்றைக்கு அவர் மலையேறி என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. மூன்று ஆண்டு பொறுத்து, நேபாளமே அனுமதிக்கும் 16 வயதில் ஏறியிருந்தால் அந்தப் பெருமையில் எது குறைந்திருக்கும்? ‘மிக இளைய’ என்ற அடைமொழி மட்டும் குறைந்திருக்கும். வழியில் கிடந்த சடலங்களைப் பார்த்ததாக அவரே பின்னால் பேட்டிகளில் சொன்னார். எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பார்க்க வேண்டிய காட்சியா அது?

மற்ற மலைகளிலும் வேலி இருக்கிறது, வேலியில் ஓட்டையும் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோவில், 5,895 மீட்டர், பத்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. சிறப்பு அனுமதியோடு ஏழு வயதுப் பிள்ளைகள் ஏறியிருக்கிறார்கள், 2018இல் ஏறிய ஹைதராபாத் சிறுவன் உட்பட. அர்ஜென்டினாவின் அகோன்காகுவாவில், கிட்டத்தட்ட ஏழாயிரம் மீட்டர், 2013 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ஒன்பது வயது அமெரிக்கச் சிறுவன் நீதிமன்ற அனுமதி வாங்கிக்கொண்டு உச்சியில் நின்றான். பேஸ் கேம்ப் ட்ரெக்கிங்குக்கோ அந்த வேலியும் இல்லை. நான்கு வயதுக் குழந்தையைக்கூட அங்கே கூட்டிப் போய்விட்டார்கள். இந்தப் போட்டி எங்கே போய் முடியும் என்று நினைக்கிறீர்கள்? ‘மிக இளைய’ என்ற பட்டத்தை முறியடிக்க ஒரே வழிதான் உண்டு. இன்னும் சின்னப் பிள்ளையைக் கொண்டுவர வேண்டும்.

இது மலையோடு நிற்கிற வியாதி இல்லை. 2006 மே மாதம் ஒடிசாவில் புத்தியா சிங் என்ற நான்கு வயதுக் குழந்தையை, கத்திரி வெயிலில், பூரியிலிருந்து புவனேஸ்வர் வரை 65 கிலோமீட்டர் ஓட விட்டார்கள். கடைசியில் சுருண்டு விழுந்தான். அரசு தலையிட்டு அவன் நெடுந்தூரம் ஓடுவதற்குத் தடை போட்டது. மறு ஆண்டே நம் மணப்பாறையில் ஒரு டாக்டர், பதினைந்து வயது மகனைச் சிசேரியன் செய்ய வைத்து, படமும் எடுத்து, சக மருத்துவர்கள் கூட்டத்தில் பெருமையாகப் போட்டுக் காட்டினார். கின்னஸில் பெயர் வர வேண்டுமாம். மேஜையில் கிடந்த அந்தத் தாயை யார் கேட்டார்கள்?

எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது ஜெஸ்ஸிகா டுப்ராஃப் கதைதான். ஏழு வயது அமெரிக்கச் சிறுமி. 1996 ஏப்ரலில் விமானம் ஓட்டி நாட்டின் குறுக்கே பறக்கும் மிக இளைய ஆள் ஆக வேண்டும் என்று கிளப்பிவிட்டார்கள். பயிற்சியாளரும் அப்பாவும் கூட இருந்தார்கள். ஊருக்கு ஊர் டிவி காமிராக்கள். இரண்டாம் நாள் காலை, ஷையென் நகரத்தில் இடிமழை. வேறு நாளாக இருந்தால் எந்த விமானியும் காத்திருந்திருப்பார். அடுத்த ஊரில் நிகழ்ச்சி இருக்கிறது என்று கிளம்பினார்கள். ஏறிய சில நிமிடங்களுக்குள் விமானம் விழுந்தது, மூவரும் மாண்டார்கள். மோசமான வானிலையில் புறப்பட்ட விமானியின் தவறான முடிவே காரணம் என்று அரசு விசாரணை வாரியம் சொன்னது. அந்த முடிவுக்குத் தூண்டுகோலாக இருந்தவற்றில், ஊடகங்களுக்குக் கொடுத்த வாக்கால் நெருக்கிப் போட்ட பயணத் திட்டத்தையும் குறித்தது. அமெரிக்க நாடாளுமன்றம் அதே ஆண்டு சட்டம் போட்டது: விமானி உரிமம் இல்லாதவர் கையில் விமானத்தைக் கொடுத்துச் சாதனை முயற்சி செய்யக் கூடாது. பிள்ளைகள் பறக்கப் பழகுவதைச் சட்டம் தடுக்கவில்லை. சாதனையைத்தான் வெட்டிவிட்டது. புத்திசாலித்தனமான வெட்டு. மலைக்கும் அப்படி ஒன்று வர வேண்டும்.

நம் அரசுக்கு இது தெரியாமல் இல்லை. அமர்நாத் யாத்திரைக்கு 13 வயதுக்குக் குறைந்தவர்களைப் பதிவு செய்ய மாட்டார்கள். குகை இருப்பது சுமார் 3,900 மீட்டரில். இந்திய அரசு நடத்தும் கைலாஷ் மானசரோவர் யாத்திரைக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் மருத்துவச் சான்று கட்டாயம். சாமி கும்பிடப் போகிறவனுக்கு வயதையும் நெஞ்சையும் சோதிக்கிறார்கள். அதைவிட உயரத்துக்கு விடுமுறைக் கேம்ப் என்று பெயர் வைத்துக் கூட்டிப் போகிறவரிடம் வங்கிக் கணக்கு எண் மட்டும்தான் இருக்கிறது.

நம் ஊர் மலைகள் தாழ்வுதானே, இங்கே என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்குக் குரங்கணி நினைவிருக்கட்டும். 2018 மார்ச் 11. தேனி மாவட்டம், கொழுக்குமலைச் சரிவு, காட்டுத்தீ. இருபதுக்கும் மேற்பட்டோர் கருகினார்கள். மாட்டிக்கொண்ட குழுவினரில் சிறுவர்களும் இருந்தார்கள். காய்ந்த புல், தீ பிடிக்கும் பருவம், உரிய அனுமதி இல்லாத பாதை. அந்தப் பிள்ளைகளில் யாருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும்? அதன் பிறகுதான் தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். வனத்துறையிடம் பதிவு, பயிற்சி பெற்ற வழிகாட்டி, சிறுவர்களுக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. பிள்ளையை மலைக்குக் கூட்டிப் போக வேண்டும் என்றால் அங்கேயிருந்து தொடங்குங்கள். வெள்ளியங்கிரியிலும் கோடைதோறும் மூச்சுத்திணறியும் மயங்கியும் ஆட்கள் விழுவதைப் பத்திரிகையில் பார்க்கிறோம். ஏழாவது மலையில் விழுந்தவரை டோலி கட்டித் தூக்கி இறக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை ஏறும் முன்பே கணக்குப் போட வேண்டும். இன்னொன்று, இது மலையேறாத குடும்பங்களுக்கும் சொல்வது. விமானத்தில் லடாக் போய் இறங்கினால் லே நகரமே சுமார் 3,500 மீட்டர். காலையில் சென்னையில் இட்லி சாப்பிட்ட குழந்தை மாலையில் அங்கே இருக்கும். முதல் இரண்டு நாள் ஓட்டலிலேயே ஓய்வு என்பதை டிராவல்ஸ்காரர் வெட்டினால், அந்த டிராவல்ஸை நீங்கள் வெட்டுங்கள்.

அப்படியானால் பிள்ளைகளுக்கு மலையே வேண்டாமா? யார் சொன்னது? ரெய்ன்ஹோல்ட் மெஸ்னர், 8,000 மீட்டருக்கு மேற்பட்ட 14 சிகரங்களையும் முதன்முதலில் ஏறி முடித்தவர், ஐந்து வயதிலேயே 3,000 மீட்டர் சிகரம் ஒன்றைத் தொட்டவர். பள்ளி ஆசிரியரான அப்பாவோடு, வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மலையில். காமிரா இல்லை, சான்றிதழ் இல்லை. மழை வந்தால் திரும்பி வந்து அடுத்த வாரம் போகலாம், மலை எங்கும் ஓடிவிடாது. ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் பள்ளிக்கூடத்துக்கே ஏறி இறங்கும் பிள்ளைகளை நாம் சாதனையாளர் என்று சொல்வதில்லை. மலை அவர்களுக்குப் பழகிய இடம். பழக்கத்துக்கு ஆண்டுகள் வேண்டும், போட்டிக்கு அந்தப் பொறுமை கிடையாது. அத்தனை பழக்கம் இருந்தும் மலை விடுவதில்லை என்பது வேறு விஷயம். 2022 அக்டோபரில் உத்தரகாசிப் பயிற்சி நிலையத்தின் குழுவைத் திரௌபதி கா தண்டா சிகரத்தில் பனிச்சரிவு அள்ளிக்கொண்டு போனது. அதில் போனவர்களில் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்ட் ஏறிவிட்டு வந்த பயிற்சியாளர்.

ஆகவே யாராவது உங்கள் பிள்ளையை உயரமான மலைக்கு அழைத்தால், சிகரத்தின் படத்தைப் பார்க்காதீர்கள், திட்ட அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். 3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடுகிறதா? மூன்று நான்கு நாளுக்கு ஒரு முழு ஓய்வு நாள் இருக்கிறதா? ஒரு பிள்ளைக்கு முடியாமல் போனால் அந்தப் பிள்ளையோடு கீழே இறங்கத் தனியாக ஒரு பெரியவர் இருக்கிறாரா, அல்லது ஒரே கைடு இருபது பேரையும் மேய்க்கிறாரா? எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பியே ஆக வேண்டும் என்று நேரம் குறித்திருக்கிறார்களா? ராத்திரியில் ஹெலிகாப்டர் வராது, மேகம் சூழ்ந்தால் பகலிலும் வராது. அப்போது என்ன ஏற்பாடு? போன மாதம் சளி, இருமல் இருந்ததா என்று அவர்களாகவே உங்களிடம் கேட்டார்களா? கேட்காதவரிடம் பிள்ளையை விடாதீர்கள். ‘என்ன நடந்தாலும் எங்கள் சொந்தப் பொறுப்பு’ என்ற ஒப்புதல் படிவத்தை நீட்டினால் வீட்டுக்கு எடுத்து வந்து படியுங்கள். குழந்தைகள் மருத்துவரிடமும் காட்டுங்கள்.

பிள்ளையிடமும் பேசுங்கள். ‘உனக்கு வேண்டாம் என்று தோன்றினால் எந்த இடத்திலும் உட்கார்ந்துவிடு, நானோ அப்பாவோ ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம்’ என்று அம்மா வாயால் ஒரு தடவை, அப்பா வாயால் ஒரு தடவை. சொல்லிவிட்டு, நிஜமாகவே சொல்லாமல் இருக்க உங்களால் முடியுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஏற்பாட்டாளரிடம் ஒன்று கேளுங்கள், போனில் வேண்டாம், எழுத்தில். உச்சியைத் தொடாமல் பாதியில் திரும்பிய பிள்ளைக்கும் அதே சான்றிதழ், அதே மெடல் உண்டா? ‘அது எப்படிங்க முடியும்’ என்று பதில் வந்தால் கட்டிய முன்பணம் போனாலும் போகட்டும், பெயரை அடித்துவிட்டு வாருங்கள்.